சிறிய கடை, இரவில் ஆள் கிடையாது. திருட்டைத் தடுக்க கேமரா மட்டும் போதுமா?

போதாது. பூட்டும் அலாரமும் பொருத்துவதுதான் என் தொழில். திருட்டு நடந்த பிறகு என்னைக் கூப்பிட்ட கடைகளில் பலவற்றில் நல்ல கேமரா இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் கதவை நெம்புவது தெளிவாகப் பதிவாகியும் இருந்தது. அதை வைத்து அந்தக் கடைக்காரர்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

நீங்கள் முதலில் போட வேண்டியது நேரக் கணக்கு. உடைக்கவே முடியாத கதவு என்று ஒன்று கிடையாது. கதவு உடைப்பை எவ்வளவு நேரம் தாங்கும் என்று வகைப்படுத்தும் ஐரோப்பாவின் இஎன் 1627 தரத்தில் ஆர்சி 2 வகைக் கதவு 3 நிமிடம் தாங்க வேண்டும், ஆர்சி 3 வகை 5 நிமிடம். சோதனை செய்து சான்று கொடுத்த கதவுக்கே அவ்வளவுதான். சரி, அலாரம் அடித்தால் உங்கள் கடைக்கு ஆள் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும்? 10 நிமிடம் என்றால், அலாரம் அடித்த பிறகும் திருடனுக்கு 10 நிமிட வேலை மிச்சம் இருக்க வேண்டும். பல கடைகளில் இது தலைகீழாக இருக்கிறது. ஆள் நடமாட்டத்தைக் கண்டு கத்தும் சென்சார் உள்ளே இருக்கும். அது கத்தும்போது அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பான். ஷட்டரிலும் கதவிலும் அதிர்வை உணரும் சென்சார் வையுங்கள். முதல் தட்டிலேயே சைரன் ஒலிக்கட்டும். ஷட்டருக்குப் பின்னால் ஒரு கிரில் கதவு இருந்தால் இன்னும் நல்லது.

பூட்டுக்கு நிறைய செலவு செய்துவிட்டு, அது மாட்டும் கொண்டியைச் சின்ன ஸ்க்ரூவில் விட்டுவிடுகிறார்கள். கடப்பாரை பூட்டைத் தொடவே தொடாது, கொண்டியைப் பிடுங்கிவிடும். நிலைச்சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குள் போகும் நீள ஸ்க்ரூ போடுங்கள். கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைக் கழற்ற முடியாதபடி செய்யுங்கள். அகலமான ஷட்டரை இரண்டு ஓரத்திலும் பூட்டினால் மட்டும் போதாது, நடுவில் நெம்பித் தூக்குவார்கள்; அங்கேயும் ஒரு பூட்டு வேண்டும். அப்புறம் ஒருமுறை கடையின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, கழிவறை ஜன்னல், கூரை ஷீட் ஆகியவற்றை முன்கதவு அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை.

பணத்தைக் கடையில் தங்கவிடாமல் இருப்பதே நல்லது. கல்லாவைக் காலி செய்து, வெளியிலிருந்து தெரியும்படி திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். லாக்கர் வாங்கினால் எதற்கான லாக்கர் என்று கேட்டு வாங்குங்கள். தீயைத் தாங்குவதற்கென்றே செய்தது கடப்பாரையைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. தரையோடு போல்ட் போடாத சின்ன லாக்கரைத் திருடன் உடைக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் முக உயரத்துக்கு அருகில் ஒன்றாவது இருக்கட்டும். கூரையிலிருந்து பார்த்தால் தொப்பிதான் தெரியும். பதிவுப் பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் பதிவின் நகல் இணையம் வழியாக வெளியே எங்காவது சேமிக்கப்பட வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல்லைக் கண்டிப்பாக மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் (தீங்கு செய்யும் கணினி நிரல்), மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது.

வேலையை விட்டுப் போனவரிடம் சாவி இருந்திருந்தால் பூட்டை மாற்றிவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், அந்தச் சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

ஏற்கெனவே ஒருமுறை திருட்டு நடந்த கடை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முதல் திருட்டுக்கு அடுத்த சில வாரங்களில்தான் மறுபடி நடக்கும் ஆபத்து அதிகம். வழி திருடர்களுக்குத் தெரியும், போன சரக்குக்குப் பதிலாகப் புதுச் சரக்கு வந்திருக்கும் என்பதும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் திருட்டுப் போன வீடுகளுக்கே முதலில் பாதுகாப்பு செய்து கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் வீடு புகுந்து திருடுவது வெகுவாகக் குறைந்தது.

காலையில் வரும்போது கதவு நெம்பியிருந்தால் தயவுசெய்து உள்ளே போகாதீர்கள். திருடன் இன்னும் உள்ளே இருக்கலாம். தள்ளி நின்று போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் கைரேகை எடுத்து முடிக்கும் வரை கல்லாவையோ கதவையோ யாரும் தொட வேண்டாம்.