வானில் செய்த மாற்றங்களைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: லீசிங்கில் எடுத்த எனது வானுக்கு முழுக் காப்புறுதி உண்டு. கடந்த ஆண்டு எஞ்சினை மாற்றினேன். அலோய் வீல் போட்டு, அறுகம்பைக்கு வருவோரின் அலைச்சறுக்குப் பலகைகளை ஏற்றுவதற்குக் கூரையில் கரியரும் பொருத்தினேன். சீசன் காலத்தில் ஹயர் ஓடுவதும் உண்டு. இவற்றைச் சொன்னால் கட்டுப்பணம் கூடிவிடும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பொத்துவில்

பதில்: கட்டுப்பணம் சிறிது கூடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் காப்புறுதி என்பது முழு நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். வாகனத்தைப் பொறுப்பேற்பதா, எவ்வளவு கட்டுப்பணத்துக்கு ஏற்பதா என்ற கம்பனியின் முடிவைப் பாதிக்கக்கூடிய விடயத்தை மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்தவராவீர்கள்.

நீங்கள் கடைசியாக எழுதிய ஹயர்தான் என் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது. தனியார் பாவனைக்கென எடுத்த காப்புறுதியில், கூலிக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். ஏறுபவர் தெரிந்தவரா, தெரியாதவரா என்பதைக் கம்பனி பார்ப்பதில்லை. பணம் வாங்கப்பட்டதா என்பதையே பார்க்கும். அக்கரைப்பற்று வீதியில் ஒரு விபத்து நேர்ந்து, உள்ளே இருந்த பயணி தான் வாடகை கொடுத்ததாகப் பொலிஸ் வாக்குமூலத்தில் சொல்லிவிட்டால், அலோய் வீலைப் பற்றி எவரும் கேட்கப் போவதில்லை.

எஞ்சின் விடயமும் சிறியதல்ல. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் இருக்கின்றன. சேதத்தைப் பார்வையிட வரும் மதிப்பீட்டாளர் அவற்றை வாகனத்தோடு ஒப்பிடுவார். ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்துங்கள். லீசிங் முடியும்வரை புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது அந்த நிறுவனம் என்பதால், அவர்களின் சம்மதமும் தேவைப்படும்.

வீலுக்கும் கரியருக்கும் கம்பனிகள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் சேர்க்கப்படாத உதிரி அலங்காரங்கள் களவு போனால் அவற்றின் விலையை எதிர்பார்க்க முடியாது. இதோடு, காப்புறுதி செய்த தொகை இன்றைய சந்தை விலைக்கு ஈடாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 60 இலட்சம் பெறுமதியான வானை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், குறைவாகக் காப்புறுதி செய்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விகிதாசார நிபந்தனை உள்ள ஒப்பந்தத்தில் 4 இலட்சம் சேதத்துக்கு 3 இலட்சமே கிடைக்கும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களின் விலை ஏறியதை நம் பகுதியில் பலர் சந்தையில் பேசினார்களே தவிர, காப்புறுதித் தொகையில் திருத்தவில்லை.

முகவரிடம் தொலைபேசியில் சொன்னதை அறிவித்ததாகக் கொள்ள வேண்டாம். மாற்றங்களையும் ஹயர் பாவனையையும் திகதியிட்டு எழுதி, பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் படங்களையும் இணைத்துக் கிளைக்குக் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். கம்பனி ஏற்றுக்கொண்டால் திருத்தத்தை எழுத்தில் தரும். அது கைக்கு வரும்வரை ஹயர் ஓடாதீர்கள். பின்னர் இழப்பீட்டில் தகராறு வந்து கம்பனியிடம் தீர்வு கிடைக்காவிட்டால், இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். முத்திரையிட்ட அந்தப் பிரதி அங்கும் உங்களுக்குத் தேவைப்படும்.