கஸ்டடியில் வேலையாம், அனுப்பலாமா?

வணக்கம் சார். உங்கள் கடிதம் கிடைத்தது. பி.காம். முடிக்கப்போகும் மகளுக்கு ஒரு வங்கியின் கஸ்டடி பிரிவில் கேம்பஸ் வேலை கிடைத்திருக்கிறது. "பேக் ஆபீஸில் கணக்கு ஒட்டவா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கஸ்டடி என்றதும் உங்கள் மைத்துனர் போலீஸ் ஸ்டேஷனா என்று கேட்டாராம். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

நீங்கள் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. தவணை கட்டுகிறவர். அந்தப் பணத்தில் வாங்கும் பங்குகளும் பத்திரங்களும் ஃபண்ட் கம்பெனியின் கையில் இருப்பதில்லை. கோயில் நகையை நினைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கு எதைச் சாத்துவது என்பது குருக்கள் பாடு, பெட்டிச் சாவி வேறொருவர் மடியில். எதை வாங்குவது, எதை விற்பது என்று ஃபண்ட் மேனேஜர் முடிவு செய்கிறார். சாவி கஸ்டோடியனிடம், அதாவது உங்கள் மகளுக்கு வேலை தந்திருக்கும் வங்கி போன்ற காப்பாளரிடம்.

அந்தச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஃபண்ட் கம்பெனிகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதைப் பார்த்தாலே, உங்கள் மகளின் மேசையில் என்ன நடக்கும் என்று புரிந்துவிடும்.

முதல் சல்லடை சட்டம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் கஸ்டோடியனாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு, முதலீட்டாளர்கள் சார்பில் ஃபண்டைக் கண்காணிக்கும் டிரஸ்டிகளின் முன் அனுமதி வேண்டும். 1996-ஆம் ஆண்டு மியூச்சுவல் ஃபண்ட் விதிகள் போட்ட அடிப்படை இதுதான்: ஃபண்டைத் தொடங்கிய ஸ்பான்சர் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கஸ்டோடியன், அதே ஃபண்டின் சொத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நிபந்தனைகளோடு விலக்கு வந்தது, அது வேறு கதை. இந்தச் சல்லடையில் தேறுகிறவர்களே கொஞ்சம் பேர்தான்: ஹெச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, சிட்டி, டாய்ச் வங்கி, ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷன், ஸ்டேட் வங்கியும் பிரான்ஸின் சொசியத்தே ஜெனரலும் சேர்ந்து நடத்தும் எஸ்.பி.ஐ.-எஸ்.ஜி., இன்னும் சில.

அப்புறம் கட்டணம். வைத்திருக்கும் சொத்தின் மதிப்பில் துளியூண்டு சதவீதம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கொஞ்சம். போட்டியில் எல்லோருடைய ரேட்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து நிற்கும். அதனால் என் கணிப்பில், கடைசி முடிவு கட்டணத்தில் இல்லை, பிசிறில்லாத வேலையில்.

ஒரு நாளைச் சொல்கிறேன். ஃபண்ட் மேனேஜர் புரோக்கர் மூலம் 50,000 பங்கு வாங்குகிறார். புரோக்கர் சொல்லும் கணக்கும் ஃபண்ட் சொல்லும் கணக்கும் கஸ்டோடியனிடம் வந்து சேர்கின்றன. எண்ணிக்கை, விலை எல்லாம் பொருந்தினால்தான் கஸ்டோடியன் உறுதி செய்வார். செய்யாவிட்டால் அந்த வர்த்தகம் புரோக்கர் தலையில் விழும். 2023 ஜனவரி 27 முதல் நம் சந்தை முழுக்க டி+1, மறுநாளே பணமும் பங்கும் கைமாறியாக வேண்டும். 49,500 என்று ஒரு தாளில் இருந்தால் யாருக்கு போன் போடுவது, எத்தனை மணிக்குள் போடுவது என்று தெரிந்த ஆள் வேண்டும். பொருந்துவதையெல்லாம் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்கிறது. பொருந்தாததற்குத்தான் சம்பளம்.

இதைவிட நுணுக்கம் கார்ப்பரேட் ஆக்‌ஷன். பங்குதாரர்களைத் தொடும்படி கம்பெனி எடுக்கும் முடிவுகளுக்கு அந்தப் பெயர். ஒரு கம்பெனி, இருக்கிற பங்குதாரர்கள் புதுப் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்று உரிமைப் பங்கு அறிவிக்கிறது. அந்தத் தகவலை ஃபண்டுக்குச் சொல்லி, பதில் வாங்கி, கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தவறினால் உரிமை போயிற்று, நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஃபண்ட் கம்பெனி ஆட்கள் கஸ்டோடியனின் ஆபீஸுக்கே போய்ப் பார்க்கும்போது இதைத்தான் தோண்டுவார்கள்: போன வருடம் எத்தனை தவறு, எத்தனை நாளில் சரி செய்தீர்கள், சர்வர் படுத்தால் மாற்று என்ன. ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பான என்.ஏ.வி. இரவு 11 மணிக்குள் போயாக வேண்டிய தொழிலில் "நாளைக்குப் பார்க்கலாம்" செல்லாது.

ஆக, கிளார்க் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் வேண்டாம். உங்கள் மகளே ஹெச்.ஆரிடம் கேட்கட்டும், நீங்கள் போன் செய்யாதீர்கள். இந்திய ஃபண்டுகளுக்கான வேலையா, அமெரிக்க ஃபண்டுகளுக்கா? இந்திய கஸ்டடி பெரும்பாலும் மும்பையைச் சுற்றியே நடக்கிறது. சென்னையில் அமெரிக்க வங்கியான பி.என்.ஒய். போன்ற உலக நிறுவனங்களின் மையங்கள் உண்டு. அங்கே அமெரிக்க வேலை என்றால் ராத்திரி ஷிப்ட் வரலாம். பணமும் பங்கும் கைமாறுவதைப் பார்க்கும் செட்டில்மென்ட்டா, கார்ப்பரேட் ஆக்‌ஷனா, ஃபண்டின் கணக்கை எழுதும் ஃபண்ட் அக்கவுண்டிங்கா? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாற்றுவார்கள்? ஐந்து வருடம் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்க விரும்பவில்லை.

சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில் செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஏழாம் வரிசைத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். செக்யூரிட்டீஸ் ஆபரேஷன்ஸ் அண்ட் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று பெயர். பி.காம். படித்த பிள்ளைக்கு எட்டாத பாடமில்லை. எக்செல் எவ்வளவு வரும் என்று நீங்கள் எழுதவே இல்லையே? ஹெச்.ஆர். சொல்லும் பதிலோடு அதையும் சேர்த்து எழுதுங்கள். ஷிப்ட் விஷயத்தை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.