படுக்கையறை ரீவிக்கு சரவுண்ட் சவுண்ட் டிகோட் பண்ணுற மீடியா பிளேயர் எதை வாங்கலாம்?

இந்தக் கேள்வியை வாசிச்ச உடன சிரிப்பும் வந்தது, வயித்தெரிச்சலும் வந்தது. இதே விசயத்தில காசையும் விட்டு, மச்சான்மாரிட்டை மானத்தையும் விட்ட ஆள் நான்.

உங்கட நிலைமையை நானே சொல்லுறன். பத்துக்குப் பத்து அறை, ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சுவரில 32 இஞ்சி ரீவி. பென் ட்ரைவில படத்தைப் போட்டால் படம் வடிவா ஓடுது, சத்தம் மட்டும் வரேல்லை. அதுக்குப் பிறகு தான் 'டிகோட்' எண்ட சொல்லைத் தேடிப் பிடிச்சிருக்கிறியள். சரியோ? பிழையெண்டால் மன்னிக்கோணும். (பென்னில படம் பாக்கிறது நியாயமோ எண்டு இஞ்ச ஆரும் சண்டைக்கு வரவேண்டாம். சைக்கிளைக் கவிட்டு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள்.)

நான் இருக்கிறது கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியில. 2014இல மாமா கனடாவில இருந்து வரேக்க ஒரு ஹோம் தியேட்டர் கொண்டந்தவர். அஞ்சு சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய ஊஃபர். பெட்டி உடைக்கேக்க அயல் முழுக்க விறாந்தையில நிண்டது. பிளக் எங்கட ஓட்டைக்குப் பொருந்தேல்லை. அப்பவாவது யோசிச்சிருக்கோணும். கடையில ஒரு மாத்துப் பிளக் வாங்கிப் பூட்டி சுவிச்சைப் போட்டன். 'டப்' எண்டு ஒரு சத்தம், பிறகு கருகின மணம். அது தான் அந்த ஹோம் தியேட்டரில நான் கேட்ட முதல் சத்தமும் கடைசிச் சத்தமும்.

கிளிநொச்சியில திருத்துற அண்ணையிட்டைக் கொண்டு போனன். அவர் அதைக் கவிட்டு வச்சு, பின்பக்கத்துக்கு ரோச் அடிச்சுக் காட்டினார். 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்கட சுவரில வாறது 230. "தம்பி, இதை வாசிக்கேல்லையோ?" எண்டு மட்டும் கேட்டார். ட்ரான்ஸ்போமர் எரிஞ்சு போச்சு. அதால வெளிநாட்டிலயிருந்து ஆர் என்ன கொண்டந்தாலும் முதல் அந்த எழுத்தை வாசியுங்கோ. 100-240 எண்டு போட்டிருந்தால் பயமில்லை. சின்ன மீடியா பெட்டியளின்ர அடப்டரில பெரும்பாலும் அப்பிடித் தான் இருக்கும்.

பிறகு கனகாலம் கழிச்சு ஒரு அன்ட்ரொயிட் பெட்டி வாங்கினன். எது எண்டு சொல்லமாட்டன், சொன்னால் கமிஷன் வாங்கிறன் எண்டுவியள். முதல் நாள் இரவு சில படத்துக்குச் சத்தம் வந்தது, சிலதுக்கு வரேல்லை. இரண்டு கிழமை பென்னைத் திட்டினன், வயரைத் திட்டினன். பிழை செற்றிங்கில. 'பாஸ்த்ரூ' ஓனில இருந்தது. படத்தின்ர சத்தத்தை டொல்பி, டிடிஎஸ் எண்ட முறையளில மூட்டை கட்டி வச்சிருக்கும், அதை அவிழ்க்கிறது தான் டிகோட். பாஸ்த்ரூ எண்டால் பிளேயர் மூட்டையை அவிழ்க்காமல் அப்பிடியே ரீவியிட்டைக் குடுத்துவிடும். ரீவிக்கு டொல்பி மூட்டையை அவிழ்க்கத் தெரியும், டிடிஎஸ் மூட்டையை அவிழ்க்கத் தெரியாட்டில் ஊமை தான். இது மலிவு ரீவிக்கு மட்டும் வாற வருத்தம் இல்லை: சாம்சுங் 2018 மாடல்களோட டிடிஎஸ்ஸை விட்டிட்டுது, எல்ஜி 2020இல விட்டிட்டு 2023இல தான் சில மாடல்களுக்குத் திருப்பிக் குடுத்தது. பாஸ்த்ரூவை ஓஃப் பண்ணி, வெளியால போறது 'பிசிஎம்' ஸ்டீரியோ (அவிழ்த்த சத்தம், இரண்டு ஸ்பீக்கருக்கு) எண்டு வச்சன். சத்தம் வந்தது. நீங்கள் தேடுற 'டிகோட்' இவ்வளவு தான். படம் ஓட்டுற விஎல்சி ஆப்பே இதைச் சும்மா செய்யும்.

ஆனா உண்மையான சில்லெடுப்பு அதுக்குப் பிறகு தான். 5.1 (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும்) படத்தில ஆக்கள் கதைக்கிறது நடு ஸ்பீக்கருக்கு எண்டு வச்சது. அதை ரீவியின்ர இரண்டு ஸ்பீக்கருக்குள்ள அமத்தேக்க கதை மெலிஞ்சு போகும், வெடிக்கிறது அப்பிடியே நிக்கும். மனிசி 'கதைக்கிறது கேக்கேல்லை' எண்டு சத்தத்தைக் கூட்டுவா. அடுத்த காட்சியில குண்டு வெடிக்கும்.

பக்கத்து அறையில அம்மா. 2009இல அவவின்ர ஒரு காது போட்டுது. மற்றக் காதுக்குக் கதை கேக்காது, வெடி மட்டும் வடிவாக் கேக்கும். எழும்பி வந்து எங்கட கதவடியில நிப்பா. ஒண்டும் சொல்லமாட்டா. நான் றிமோட்டைத் தேடி அமத்துமட்டும் நிண்டுபோட்டுத் திரும்பிப் போவா.

அதால தான் இவ்வளவு நீட்டி எழுதுறன். 'கோடி' எண்டு படம் ஓட்டுற ஒரு ஆப் இருக்கு (காசுக் கோடி இல்லை). அதில ஸ்டீரியோவா மாத்தேக்க நடுச் சத்தத்தை மட்டும் உயத்தலாம். ரீவியில, பிளேயரில 'நைற் மோட்' எண்டு கிடந்தால் அதையும் போடுங்கோ. பெருஞ்சத்தத்தை அமத்தி, சின்னச் சத்தத்தைத் தூக்கும். கடைக்காரன் 'அற்மோஸ்' (தலைக்கு மேலாலயும் சத்தம் வாற டொல்பி முறை) எண்டு காட்டுற ஸ்ரிக்கரை விட இந்த இரண்டும் தான் அறைக்குப் பிரயோசனம்.

'ஒப்டிகல் வயர் போட்டால் தானே திறம்' எண்டு ஒருத்தர் வருவார், தெரியும். ஒப்டிகலில (வெளிச்சத்தால சத்தம் கடத்திற வயர்) அவிழ்த்த சத்தம் இரண்டு சனலுக்கு மேல போகாது ஐயா. 5.1 வேணுமெண்டால் டொல்பி, டிடிஎஸ் மூட்டையாத் தான் போகும், மற்றப் பக்கத்தில அவிழ்க்க ஆள் வேணும். சவுண்ட்பார் வாங்கிற யோசினை இருந்தால் ரீவியில எச்டிஎம்ஐ ஆர்க் ஓட்டை (ரீவியின்ர சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்புறது) இருக்கோ எண்டு பாருங்கோ. நான் டெக்னீசியன் இல்லை, வயல் செய்யிற ஆள். பிழை இருந்தால் மரியாதையாத் திருத்துங்கோ.

ஓட்டுக்கு மேலால வயர் இழுக்கிற எண்ணம் இருந்தால் விடுங்கோ. குரங்கு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில ஒரு குரங்கால நாடு முழுக்க கரண்ட் போகேக்க எல்லாரும் சிரிச்சவை, எனக்குச் சிரிப்பு வரேல்லை. அதே வருசம் மார்ச் 15 காலமை எட்டு மணிக்கு அஞ்சு நிமிசம் காணிக்குள்ள நிண்டு குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொல்லி அரசாங்கம் சொன்னது. எண்ணினம். எண்ணினதெல்லாம் இப்பவும் ஓட்டில தான் இருக்கு, என்ர டிஷ் வயரும் அதுகளின்ர கையில தான்.

பிளேயர் வாங்கப் போகேக்க சத்தம் வராத அந்தப் படத்தைப் பென்னில போட்டுக் கொண்டு போங்கோ. கடை ரீவியில குத்தி, பாஸ்த்ரூவை ஓஃப் பண்ணிக் கேட்டுப்போட்டு காசைக் குடுங்கோ. கனடா ஸ்பீக்கர் அஞ்சும் அலுமாரிக்கு மேல சும்மா கிடக்கு. வேணுமெண்டால் சொல்லுங்கோ, உள்ளுக்க இருக்கிற குளவிக் கூட்டைத் தட்டிப்போட்டுத் தாறன்.