மூடாத இமையும் வலிக்காத கண்ணும்

கேள்வி: என் தந்தை தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை 12 மாதங்கள் விடாமல் எடுத்து முடித்துவிட்டார். சில மாதங்களாக அவர் உறங்கும்போது இடது கண் முழுவதும் மூடுவதில்லை. இமைகளுக்கு நடுவே வெண்விழி ஒரு கோடுபோலத் தெரிகிறது. இப்போது கண்ணும் சிவந்திருக்கிறது. வலி இல்லை என்பதால் மருத்துவரிடம் வர மறுக்கிறார். நோய் திரும்பிவிட்டதா? சிறிது காலம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், நாளையே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வலி இல்லை என்று சொல்வதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

தொழுநோய்க் கிருமி உடலில் குளிர்ச்சியான இடங்களையே நாடும். இமையை மூடவைக்கும் முக நரம்பின் கிளை, கன்ன எலும்பின் மேல் தோலுக்கு வெகு அருகில் ஓடுவதால் எளிதில் பாதிக்கப்படுகிறது. கருவிழிக்கு உணர்ச்சி தருவது வேறொரு நரம்பு. அதுவும் பழுதுபட்டால், தூசி விழுந்தாலும் கண் உறுத்தாது. உறுத்தாத கண் அடிக்கடி இமைக்காது. இமைக்காத கண் உலர்ந்து, கருவிழியில் புண் உண்டாகி, அது ஆறும்போது தழும்பாகிப் பார்வையை மறைத்துவிடும். இவ்வளவும் வலியின்றியே நடந்துவிடக்கூடும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நோய் திரும்பிவிட்டது என்று இதை வைத்து முடிவுசெய்ய முடியாது. இறந்த கிருமிகளின் எச்சத்தை எதிர்த்து உடல் காட்டும் எதிர்வினையால், சிகிச்சை முடிந்த பிறகும் நரம்பு வீங்கலாம். இமை பலவீனமாகி 6 மாதங்களுக்குள் இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளால் பலருக்கு அது மீண்டும் மூடத் தொடங்குகிறது. காலம் கடந்துவிட்டால் அறுவை சிகிச்சை உண்டு. அதில் ஒரு முறையில், மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கிறார்கள். பிறகு பல்லைக் கடித்துக் கண்ணை மூட நோயாளி பழகிக்கொள்கிறார்.

கண்ணுக்குள் ஏற்படும் அழற்சியாலும் சிவப்பு வரலாம். அதில் பெரும்பாலும் வலியும் வெளிச்சத்தில் கூச்சமும் இருக்கும்; சிலருக்கு அரவமில்லாமல், கண்ணின் நடுவில் கருமையாகத் தெரியும் துளையான பாவை சுருங்கிக்கொண்டே போகும். இமைமுடி உட்புறம் திரும்பிக் கருவிழியை உரசுவதும் உண்டு. எது காரணம் என்று தெரியாமல், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். புண் இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

தந்தை தினமும் கண்ணாடியில் கண்ணைப் பார்க்கட்டும். விரல்களிலும் உணர்ச்சி குறைந்திருந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. ஆகவே கண்ணைக் கையால் கசக்கவே கூடாது. பகலில் கண்ணாடி அணிந்து, நினைவுபடுத்திக்கொண்டு அடிக்கடி இமைக்க வேண்டும். இரவில் எதைத் தடவுவது, எப்படி மூடுவது என்பதை மருத்துவர் காட்டித் தருவார். வாரம் ஒருமுறை 6 மீட்டர் தொலைவில் நின்று விரல்களைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள்.

இமை முதன்முதலாக மூடாமல் போனதை எப்போது கவனித்தீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு செல்லுங்கள். மாத்திரையா, அறுவை சிகிச்சையா என்பதை மருத்துவர் தீர்மானிக்க அந்தத் தேதி பெரிதும் உதவும்.