பேரும் ஒண்ணு, வீடும் ஒண்ணு, கடன் மட்டும் அண்ணனோடது

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்க ஊரு. வயசு 47, ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். பொண்ணு படிப்புக்கு லோன் கேட்டுப் போனா சிபில் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரிப்போர்ட் எடுத்துப் பாத்தா நான் வாங்கவே வாங்காத பர்சனல் லோன் ஒண்ணு, 62,000 பாக்கின்னு நிக்குது. எனக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே பேரு, ரெண்டு பேருக்கும் ஐயா (தாத்தா) பேரத்தான் வச்சாங்க. இனிஷியலும் ஒண்ணுதான். சென்னையில இருக்க அண்ணன் வாங்குனதாத்தான் இருக்கணும். கேட்டா பங்காளிக்குள்ள மனஸ்தாபம் வரும். பேசாம நானே கட்டி முடிச்சிரவா?

பதில்: கட்டாதீங்க அண்ணே. படிச்சதும் எனக்குப் பதறிப்போச்சு, அதனால இத முதல்ல சொல்லிட்டேன். நீங்க கட்டுனா அது உங்க கடன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதுலயும் கலெக்‌ஷன்காரங்க பேசி கொறச்சு வாங்கிக்கிட்டாங்கன்னா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும், அதாவது முழுசா கட்டாம முடிச்சவருன்னு அர்த்தம், அந்தக் கறை உங்க பேர்ல வருஷக்கணக்கா நிக்கும், பணமும் போய் பேரும் போகும்.

இது எப்படி நடக்குதுன்னா, சிபில் மாதிரி நம்ம கடன் கணக்கையெல்லாம் சேத்து வைக்கிற கிரெடிட் கம்பெனியில ஆள் உக்காந்து பாக்குறதில்ல, பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், போன், பான் இதையெல்லாம் வச்சு கம்ப்யூட்டர்தான் சேக்குது. நம்ம ஊர்ல மூத்த பையனுக்கு அப்பாவப் பெத்த ஐயா பேரு வைக்கிறது வழக்கமா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அவங்கவங்க மகனுக்கு அதே பேர வைப்பாங்க. மெய்யப்பன்னு வச்சுக்குவோம். ஒருத்தரோட அப்பா அழகப்பன், இன்னொருத்தரோட அப்பா அண்ணாமலை, ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல 'ஏ'தான். ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எல்லாத்துலயும் அதே வளவு வீட்டு அட்ரஸ். பான் நம்பர்ல அஞ்சாவது எழுத்து கடைசிப் பேரோட முதல் எழுத்து, நாம அந்தக் கட்டத்துல அப்பா பேரப் போடுறோம், அதனால அதுவும் ரெண்டு பேருக்கும் 'ஏ'. மிச்ச எழுத்தும் நம்பரும் வேற, ஆனா பான் சரியா ஏறாத கணக்குன்னா மெஷின் பேரையும் அட்ரஸையும் பாத்து ஒட்டிருது. பர்மா, மலேயான்னு வட்டித் தொழில் பண்ணுன காலத்துல நம்மாளுங்க விலாசம்னு நாலஞ்சு எழுத்து போட்டுத்தான் இன்னார் வீட்டு மெய்யப்பன்னு பிரிச்சாங்க. இன்னைக்கு பேங்க் ஃபார்ம்ல இனிஷியலுக்கு ஒரே ஒரு கட்டம்.

சரி, செய்ய வேண்டியது. ரிப்போர்ட்ல அடையாள விவரம் இருக்க பக்கத்தப் பாருங்க, ரெண்டு பான் நம்பரோ ரெண்டு பிறந்த தேதியோ இருந்துச்சுன்னா ரெண்டு ஆளோட ஃபைல் கலந்திருக்குன்னு அதுவே சாட்சி. சிபில் சைட்லயே டிஸ்ப்யூட், அதாவது தப்புன்னு ஆட்சேபணை, போடலாம், காசு கெடையாது, 'இந்தக் கணக்கு என்னோடது இல்ல'ங்கிறதத் தேர்ந்தெடுங்க. சிபில் தானா அழிக்க முடியாது, கடன் குடுத்தவன் ஒத்துக்கணும், அதனால அவனுக்கும் தனியா எழுதி பான், ஆதார் காப்பி வச்சு, கடன் அப்ளிகேஷன்ல இருக்க போட்டோவும் கையெழுத்தும் என்னோடதான்னு பாக்கச் சொல்லிக் கேளுங்க. அண்ணன் பேர நீங்க எடுக்கவே வேணாம். என் கடன் இல்லன்னு சொன்னா போதும், யாரோடதுன்னு கண்டுபிடிக்கிறது அவங்க வேலை.

சிபிலும் கடன் குடுத்தவனும் இத 30 நாள்ல தீர்க்கணும். தாண்டுனா ஒரு நாளைக்கு 100 ரூபா உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர்ல உத்தரவு போட்டு, 2024 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. அப்பவும் அசையலன்னா ரிசர்வ் வங்கியோட ஓம்புட்ஸ்மேன், அதாவது புகார் விசாரிக்கிற அதிகாரிட்ட புகார் குடுங்க, விவரம் கேக்க 14448. சிபில் மட்டும் பாத்துட்டு விட்டுறாதீங்க, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இதே மாதிரி கம்பெனி இன்னும் மூணு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். டிஸ்ப்யூட் நம்பர் வந்ததும் பேங்க் மேனேஜர்ட்ட காட்டி ஃபைல மூடாம வச்சிருக்கச் சொல்லுங்க, பொண்ணு அட்மிஷன் தேதியையும் சொல்லுங்க.

அண்ணன்ட்ட பேசத் தயங்குறீங்கல்ல, நீ கடன் வாங்குனியான்னு கேக்காதீங்க. உங்க கடைக் கடனோ நகைக் கடனோ அவர் ஃபைல்ல போய் உக்காந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, அது நெசமாவே நடக்குறதுதான். அதனால 'அண்ணே, எங்கணக்கு ஏதாச்சும் ஒங்க ரிப்போர்ட்ல ஏறியிருக்கான்னு ஒரு தரம் பாருங்க'ன்னு கேளுங்க.