கண்ணாடிக்குப் பின்னால் யார்?

கேள்வி: எனது மகளுக்கு மூன்று வயது. ஒரு பல்கலைக்கழக வளாகத்திலுள்ள சிறுவர் விருத்தி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்துள்ளது. அங்கு ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகளை அவதானித்துக் குறிப்பெடுப்பார்களாம். பிள்ளையை ஆராய்ச்சிப் பொருளாக்கிவிடுவார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். சேர்க்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சேர்க்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால், மாமியாரின் பயத்தை வீண் பயமென்று தள்ளிவிடாதீர்கள்.

முன்பள்ளியையே ‘மொண்டிசோரி’ என்று அழைத்துப் பழகியவர்கள் நாங்கள். அப்பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். கற்பிப்பதற்கு முன் பிள்ளையைப் பொறுமையாக அவதானிக்க வேண்டும் என்பதே அவரது முறையின் அடித்தளம். ஒரு பிள்ளை மரக்கட்டைகளை அடுக்குகிறது. ஐந்தாவது கட்டையில் கோபுரம் சரிகிறது. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பெரிய கட்டையொன்றைத் தேடியெடுத்து அடியில் வைக்கிறது. ஓடிப்போய் உதவாமல், அந்தத் தேடலுக்கு எத்தனை நிமிடம் சென்றது என்று எழுதிவைக்கும் மாணவி, நாளை தனது வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்த நிமிடங்களைக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியையாக வருவாள்.

அதேவேளை, அங்கு எழுதப்படும் குறிப்பு உங்கள் மகளின் தலையெழுத்தல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் உளவியலாளர் வோல்டர் மிஷெல், சற்றுக் காத்திருந்தால் இன்னுமோர் இனிப்புக் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி நடத்திய பரிசோதனையை வைத்து, இனிப்பை உடனே உண்ணாமல் காத்திருந்த பிள்ளைகளே பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று பலரும் நம்பினார்கள். பலதரப்பட்ட குடும்பப் பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்விலோ, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு பெரிதும் மெலிந்துவிட்டது.

இடத்தை உறுதிசெய்யுமுன் மாமியாரையும் அழைத்துச் சென்று, ஒரு காலைப்பொழுது அந்த அவதானிப்பு அறையில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் உங்களிடம் தனித்தனியே எழுத்துமூலச் சம்மதம் பெறுவார்களா, மறுத்தாலும் பிள்ளையின் இடம் பாதுகாப்பாக இருக்குமா, பெயரும் படமும் வெளியே போகாதா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டறியுங்கள். பயிற்சி மாணவர்கள் தவணைக்குத் தவணை மாறுவார்கள். மாறாத ஆசிரியை ஒருவர் இருப்பது முக்கியம்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது மொழியை. “தண்ணி விடாய்க்குது” என்று மகள் சொன்னால், அதை உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவராவது நாள் முழுவதும் அவளது அறையில் இருப்பாரா? இல்லையென்றால், மற்றவை யாவும் சரியாக அமைந்திருந்தாலும், அவள் இன்னும் கொஞ்சம் வளரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.