பினாங்கில் நான்கு நாள்: வேளை பார்த்து ஊர் பார்க்கும் முறை

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கணவரும் நானும் ஆத்தாவும் நான்கு நாள் பயணமாகப் பினாங்கு செல்கிறோம். எங்கள் ஐயா இளமையில் அங்கே ஒரு வட்டிக்கடையில் பெட்டியடியில் வேலை பார்த்தவர். அவர் நடந்த தெருக்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஆத்தாவின் நெடுநாள் ஆசை. எங்கள் இருவருக்கும் தெருக்கடைகளில் சாப்பிட ஆவல். மாட்டிறைச்சி மட்டும் ஆகாது. ஆத்தா சுத்த சைவம். ஏற்பாட்டாளர் தந்த பட்டியலில் பதினெட்டு இடங்கள் இருக்கின்றன. மூன்று வேளைச் சாப்பாடும் விடுதியில்தான். நாங்களே திட்டமிட்டுக்கொள்ள முடியுமா?"

முடியும். அந்தப் பட்டியலை முதலில் ஒதுக்கி வையுங்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. காலையில் பார்க்காததை மாலையில் பார்க்கலாம். கடைகள் அப்படியல்ல. ஒரு சந்தில் காலையில் மட்டும் அடுப்பெரியும், இன்னொரு தெருவில் விளக்கு வைத்த பிறகே வண்டிகள் வந்து நிற்கும், பானை காலியானால் மணி என்னவானாலும் கடை கட்டிவிடுவார்கள். நான் முதன்முறை போனபோது, கோயில்களையெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று மூன்று மணிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைத்தான் பார்த்தேன். எந்த வேளைக்கு எந்தத் தெருவில் உட்காரப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டு, அதைச் சுற்றி இருப்பதைப் பார்ப்பதே அந்த ஊருக்குப் பொருந்தும் முறை.

முதல் நாள் காலையைப் பினாங்குத் தெருவில் தொடங்குங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் நகரத்தாரின் கிட்டங்கிகள் எனும் வட்டிக்கடைக் கட்டடங்கள் இருந்த பகுதி அது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் புறப்படுகிற கோவில் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஆத்தா அங்கே எவ்வளவு நேரம் நிற்க விரும்பினாலும் நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அப்பகுதியிலேயே இட்லி, தோசை கிடைக்கும். மலாய்க்காரர்கள் புட்டு மாயம் என்று சொல்வது நம் இடியாப்பம்தான். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள்.

அங்கிருந்து சற்று நடந்தால் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், சீனர்களின் கருணைத் தேவி கோயில், தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடு பிணைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய மூன்றையும் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். 1786-இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கொடியை நாட்டிய பிறகு, பல திசைகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரே தெருவை ஒட்டித் தத்தம் தெய்வங்களுக்கு இடம் கண்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததற்கு இந்தக் கலப்பே முக்கியக் காரணம். அதே கலப்பைத்தான் நீங்கள் தட்டிலும் காணப் போகிறீர்கள்.

மதியத்துக்கு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புப் பானையுமாகத் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சுமந்து சென்று விற்ற சாப்பாடு அது. பல குழம்புகளைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றுவதுதான் அதன் தனிச்சுவை. உங்களுக்கு எச்சரிக்கையும் அங்கேதான் தேவை: கலந்து ஊற்றும் குழம்புகளில் மாட்டிறைச்சிக் குழம்பும் ஒன்றாக இருக்கும், கரண்டியும் பொதுவாக இருக்கலாம். ஆகவே தட்டை நீட்டும்போதே கோழிக் குழம்பு, மீன் குழம்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பரிமாறுபவருக்குப் பல கடைகளில் தமிழ் தெரியும். தெரியாவிட்டால் 'தாக் மாவ் டாகிங்' (மாட்டிறைச்சி வேண்டாம்) என்றால் போதும். ஆத்தாவுக்கு இது ஒத்துவராது. அந்த வேளைக்கு அவரை பினாங்குத் தெருவை ஒட்டிய லிட்டில் இந்தியாவின் சைவ உணவகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வெளியே அலைய வேண்டாம். அந்த ஈரப்புழுக்கம் நம் ஊர் வெயிலைவிட ஆளை விரைவில் சோர்த்துவிடும். இடையில் தாகத்துக்குச் செண்டோல் குடிக்கலாம்: சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் சிறு புழுக்களைப் போன்ற அரிசிமாவுத் துண்டுகள், சிவப்பு பீன்ஸ் விதைகள். இது ஆத்தாவுக்கும் ஆகும்.

மாலையில் சூலியா தெருப் பக்கம் போங்கள். சோழியர் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்கே சார் குவே தியாவ் கிளறும் வண்டி ஒன்றின் அருகே, சாப்பிடாவிட்டாலும், பத்து நிமிடம் நின்று பாருங்கள். நன்றாகச் செய்பவர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மேல் கிளற மாட்டார். சட்டி புகையும்வரை காய்ந்த பிறகே பட்டை அரிசி நூடுல்ஸ் விழும், இறால், முட்டை, முளைப்பயறு, மட்டி அடுத்தடுத்துச் சேரும், இரண்டு மூன்று நிமிடங்களில் தீயின் வாசனையோடு தட்டுக்கு வந்துவிடும். சீனர் வண்டிகளில் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம். வேண்டாமென்றால் மலாய் முஸ்லிம்கள் நடத்தும் வண்டியைத் தேடுங்கள்.

கேட்டு வாங்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு, மேசை எண் இருந்தால் அதைப் பார்த்துவைத்து, வண்டியில் போய்ச் சொல்ல வேண்டும்; தட்டு வந்ததும் பணம் கொடுக்க வேண்டும். பானம் மட்டும் இடத்துக்கு உரியவரிடம் தனியே வாங்க வேண்டும், வாங்காமல் உட்கார்வது அங்கே மரியாதையல்ல. சில்லறை ரிங்கிட் நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். பொட்டலமாக வேண்டுமென்றால் 'பூங்குஸ்' என்று சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு தட்டு வாங்கினால் ஒரே மாலையில் மூன்று கடைகளைச் சுவைக்கலாம். வயிற்றைப் பற்றிய கவலைக்கு நான் சொல்வது ஒன்றே: கூட்டம் நிற்கும் கடையில், கண்ணெதிரே தீயிலிருந்து இறங்குவதை மட்டும் வாங்குங்கள், வெட்டி வைத்த பழத்தையும் ஆறிக் கிடக்கும் பொரியலையும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் மலையடிவாரத்து ஊரான ஆயர் ஈத்தாம். கெக் லோக் சி புத்தர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் அடியில் சீன பாணியிலும் நடுவில் தாய்லாந்து பாணியிலும் உச்சியில் பர்மா பாணியிலும் எழுந்திருக்கும். இறங்கி வந்ததும் சந்தைப் பக்கத்தில் ஆசாம் லக்சா சாப்பிடுங்கள். கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்து, புளியோடு கொதித்த சாறு. அதில் அரிசி நூடுல்ஸ், அன்னாசி, வெள்ளரி, புதினா. கடைசியாகக் கரண்டியில் கருமையான இறால் விழுது ஒன்று வரும். அதை ஒரேயடியாகக் கலக்காமல், முதலில் சாற்றைத் தனியே சுவைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். புளிக்குழம்பு உண்டு வளர்ந்த நாவுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மாலையில் மலை ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறலாம்.

ஆத்தாவுக்காக ஒரு முக்கியக் குறிப்பு: வெறும் கீரை என்று தோன்றும் பொரியலிலும் பெலாச்சான் எனும் இறால் விழுது சேர்ந்திருக்கும், ஆப்பத்தின் வழியில் வந்த ஆப்போம் மாவில் முட்டை இருக்கக்கூடும். இரண்டையும் கேட்டுவிட்டே வாங்குங்கள். ஆனால் புபூர் புலுட் ஹீத்தாம் எங்கே கண்டாலும் அவருக்கு ஒரு மங்கு வாங்கிக் கொடுங்கள். அது நம் கவுனி அரிசியைப் போன்ற கருப்பு ஒட்டரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, சர்க்கரை சேர்த்து, மேலே தேங்காய்ப்பால் ஊற்றித் தருகிற கஞ்சி. நாம் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கல்யாணப் பந்தியில் வைப்பதற்கும் அதற்கும் இடையே கடல் ஒன்றுதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை தண்ணீர்மலைச் சாலையில் 1857-ஆம் ஆண்டு எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் முருகன் கோயிலுக்குப் போங்கள். அருகிலுள்ள மலைக்கோயிலுக்கு 513 படிகள். நீங்கள் இருவரும் ஏறி வரும்வரை ஆத்தா கீழே அமர்ந்திருக்கலாம். தாவரவியல் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கிறது. மாலையில் கடலின்மேல் மரத்தூண்களில் நிற்கும் சியூ குலத்தாரின் குடியிருப்பைப் பாருங்கள். அவை மக்கள் வாழும் வீடுகள், ஆகையால் தாழ்ந்த குரலில் பேசிச் செல்லுங்கள்.

நான்காம் நாளுக்கு எதையும் எழுதி வைக்காதீர்கள். எந்தக் கடை உங்களுக்கு மிகவும் பிடித்ததோ அங்கே மறுபடியும் போங்கள். கடைக்காரருக்கு முகம் நினைவிருக்கும், இம்முறை பேச்சுக் கொடுப்பார். அதற்கு முன், கடைகள் திறக்காத விடியலில் ஆத்தாவை மீண்டும் ஒருமுறை பினாங்குத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டிகளும் பெயர்ப்பலகை வெளிச்சமும் இல்லாத அந்த நேரத்தில்தான் ஐயா நடந்த தெருவின் பழைய முகப்புகளும் வளைவு நடைபாதைகளும் தெளிவாகத் தெரியும்.